இரண்டு மஞ்சள் பொட்டலங்கள்

சீப்பின் பல்லால் காலைச் சொறிந்தால் ஒரு சத்தம் வரும். காய்ந்த சோளத்தட்டையைத் தரையில் இழுப்பது போல. கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு கார்த்திகை மாதக் காலையில், அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்தேன்.

முத்துலட்சுமி அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் இருந்து முழங்கால் வரை துவரம்பருப்பு அளவில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சிலது உடைந்து நீர் கசிந்தது. வலது காலைச் சொறிந்து முடித்து இடது காலுக்கு வந்தாள். அது முடிவதற்குள் வலது கால் கூப்பிட்டது. நான் பார்ப்பதைக் கண்டதும் சேலையை இறக்கிவிட்டாள்.

"ராத்திரி தூங்கலையா?" என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு பல் விளக்கப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் நான் அப்படித்தான். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அது புதிதாக இருக்காது. இன்றைக்குத்தான் படிக்கிறீர்கள் என்றால் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பட்டாசுக் கம்பெனியில் கந்தகம் சலிக்கிற வேலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கம்பெனியில் எனக்குப் பெயர் ஊமையன்.

புது ரத்தம்

எங்கள் வீடு ஆனைக்குட்டத்தில். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, ஊரை ஒட்டிய அணையில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றால் பூச்சியும் நிற்கும். கொசு ஒரு பக்கம். பொழுது சாயும்போது கூட்டமாக வந்து காலைச் சுற்றும் ஒரு பொடிப்பூச்சி இன்னொரு பக்கம். அதற்கு நாங்கள் பேர் வைத்ததில்லை. கடித்தால் சுருக்கென்று இருக்கும். தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். எங்கள் தோல் பழகியது.

முத்துலட்சுமி விருதுநகரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா மிளகாய் வற்றல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர். அவளும் கல்யாணம் வரைக்கும் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினாள். விருதுநகரில் அவள் தெருவில் மிளகாய் நெடி அடித்தால் எந்தப் பூச்சியும் ஊரை விட்டே ஓடிவிடும் என்பாள். அப்படிப்பட்டவளை எங்கள் ஊர்ப் பூச்சிகள் முதல் மழையிலேயே கண்டுகொண்டன.

"புது ரத்தம்ல. ருசி பாக்கும்," என்பாள் அம்மா. "ஒரு மழைக்காலம் போனா பளகிரும்."

"அதுவரைக்கும் ரத்தம் மிஞ்சணுமே அத்தே."

அம்மாவுக்கு மருமகளைப் பிடித்திருந்தது. அதனால் விடாமல் வைத்தியம் பார்த்தாள். முதலில் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பு. எறும்புக் கடிக்கு எங்களுக்கெல்லாம் அதுதான் வைப்பாள். சொறிந்து தோல் உரிந்த இடத்தில் அது பட்டதும் முத்துலட்சுமி துள்ளி எழுந்து தொட்டியில் காலை விட்டாள். மறுநாள் அம்மா வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். அதற்கு அடுத்த நாள் உப்புத் தண்ணீர். பிறகு குப்பைமேனி இலையைக் கசக்கிச் சாறு.

"என்னைய ஊறுகா போடுதீகளா அத்தே?" என்றாள் முத்துலட்சுமி.

"எண்ணெய் மட்டுந்தான் பாக்கி. நாளைக்கு ஊத்திருவோம்," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா போனதில் இருந்து நானும் அம்மாவும்தான். நான்தான் பேச மாட்டேனே.

ஆனால் அரிப்பு நிற்கவில்லை. அவள் சோறு பிசையும்போதும் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால்

ஒரு நாள் காலை நான் சைக்கிளை எடுக்கும்போது முத்துலட்சுமி வாசலுக்கு வந்தாள். "வரும்போது திருத்தங்கல்ல ஏதாச்சும் மருந்து கொண்டாங்க," என்றாள்.

உள்ளே இருந்து அம்மா சத்தம் போட்டாள். "ஏத்தா, வேலைக்குப் போற ஆளுகிட்ட மருந்து கொண்டான்னு சொல்லாத. தைலம்னு சொல்லு. மாத்திரைன்னு சொல்லு."

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் போகிற மருந்துதான். கம்பெனியில் அதைக் கலக்கும் அறைக்குப் பேர் மருந்து ரூம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதை மாத்திரை என்போம், டானிக் என்போம். ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றால், "மருந்து சாப்பிட்டீகளா" என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

முத்துலட்சுமியின் அப்பா என்னைப் பெண் பார்க்க அழைத்தபோது கேட்டதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். சம்பளம் கேட்கவில்லை. நிலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "மாப்ள, ஒண்ணே ஒண்ணு. மருந்து வீட்டுக்குள்ள வரக் கூடாது. உடுப்பு மாத்தி, குளிச்சுட்டுத்தான் எம்புள்ள பக்கம் வரணும். சம்மதமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "வாயால சொல்லுங்க மாப்ள," என்றார். "சம்மதம்," என்றேன். அன்றைக்கு நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

அன்று சாயங்காலம் திருத்தங்கல்லில் மெடிக்கல் கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றாள். நான் ஓரமாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். "உங்களுக்கு என்னண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டதும், சம்சாரத்தின் காலைப் பற்றி ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருமல் மிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

முத்துலட்சுமி அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். "கடிச்ச பூச்சிக்கு இருமலாக்கும்," என்றாள்.

சீனி அண்ணன் சொன்னது

மறுநாள் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எனக்கு நன்றாகப் பழக்கமான சீனி அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் மருந்து ரூமில் வேலை பார்ப்பவர்.

"அண்ணே, பூச்சிக்கடிக்கு மருந்து என்ன இருக்கு?"

அவர் பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டார். "ஏலே, ஊமையன் மருந்து கேக்கான்லே. புஸ்வாணத்துக்குப் போடுதத குடுப்பமா, அணுகுண்டுக்குப் போடுதத குடுப்பமா?"

"எந்தப் பூச்சின்னு கேளுங்க. ரெண்டு கால் பூச்சியா, ஆறு கால் பூச்சியா?" என்றார் இன்னொருத்தர்.

நான் தூக்குச்சட்டியை மூடிவிட்டு எழுந்தேன். சீனி அண்ணன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கோவிச்சுக்கிடாத. கந்தகம் தான் நீ நாள் பூரா சலிக்க. அத ஒரு கை எடு. தேங்காண்ணெயில கொளச்சுப் பூசு. சொறி, செரங்கு எல்லாம் போற எடம் தெரியாது. எங்கய்யா காலத்துல அதான்."

கந்தகம் சலித்துச் சலித்து என் விரல் இடுக்கெல்லாம் மஞ்சளாக இருக்கும். எனக்கு ஒரு நாளும் சிரங்கு வந்ததில்லை. அதனால் அவர் சொன்னதை நம்பினேன்.

கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுவருவது தப்பு என்று தெரியும். மாமாவிடம் சம்மதம் என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதற்கும் மனசுக்குள் ஒரு நியாயம் செய்துகொண்டேன். எல்லாம் சேர்த்துக் கலந்தால்தானே மருந்து, வெறும் கந்தகம் எப்படி மருந்தாகும் என்று. பேசாதவன் தனக்குள் பேசிக்கொள்வதில் கெட்டிக்காரன்.

செய்தித்தாளில் ஒரு கை அளவு மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. குளித்துவிட்டு வந்து விவரம் சொல்லலாம் என்று அடுப்படி மாடத்தில் அதை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனேன்.

அந்த மாடத்தில், அதே மாதிரி செய்தித்தாளில் மடித்த இன்னொரு பொட்டலம் இருந்தது. முத்துலட்சுமி வீட்டிலிருந்து சீரோடு கொடுத்துவிட்ட மஞ்சள் தூள். அதை நான் கவனிக்கவில்லை.

நீலமாக ஒரு சுடர்

அம்மாவுக்கு அன்று சளி. மூக்கு அடைத்திருந்தது. அப்படியும் மருமகளுக்கு எண்ணெயில் மஞ்சள் காய்ச்சிப் பூசலாம் என்று இரும்புக் கரண்டியை விறகடுப்பில் வைத்துவிட்டாள்.

"மஞ்சள் எங்கன இருக்கு?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. "மாடத்துல பொட்டலம் இருக்கு பாருங்க அத்தே," என்று முத்துலட்சுமி தெருக் குழாயடியில் இருந்து பதில் சொன்னதும் கேட்டது. நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்தது இருமல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது கரண்டி ஓரமாக வழிந்து நெருப்பில் விழுந்திருந்தது. விழுந்த இடத்தில் விறகு நீலமாக எரிந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். மூக்கையும் தொண்டையையும் பிடிக்கும் புகை.

எனக்கு முன்னால் முத்துலட்சுமி உள்ளே புகுந்துவிட்டாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அம்மாவைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிவந்தாள். நான் ஒரு கூடை மண்ணை அடுப்பில் கொட்டினேன். சட்டென்று அடங்கிவிட்டது. அம்மாவின் மணிக்கட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்திருந்தது. அதற்கு மேல் சேதம் இல்லை. முத்துலட்சுமி அம்மாவின் கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தாள்.

மூச்சு வந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"என்னத்த மஞ்சள் இது? என்னத்தக் கலந்து கட்டிக் குடுத்து விட்டாக ஒங்க வீட்ல? விருதுநகர்ச் சரக்கு விருதுநகர்ச் சரக்குன்னு பெருமைதான். மகள அனுப்புத வீட்டுக்கு இதையா குடுப்பாக?"

முத்துலட்சுமி உள்ளே போய், மாடத்துக்குப் பக்கத்தில் கிடந்த பொட்டலத்தை எடுத்து வந்தாள். விரலில் தொட்டாள். முகர்ந்தாள். மசால் சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு மஞ்சளைத் தெரியாதா?

"இது மஞ்சள் இல்ல அத்தே," என்றாள்.

"பின்ன? எங்கன இருந்து வந்துச்சு? வானத்துல இருந்து விழுந்துச்சா?"

முத்துலட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது மூன்று சொல். நான்தான் கொண்டுவந்தேன், கந்தகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வந்துவிட்டார்கள். நான் துண்டைப் பிழிந்தேன். அதில் தண்ணீரே இல்லை. மறுபடியும் பிழிந்தேன். அம்மா அதற்குள் சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராகப் பேசி முடித்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு முத்துலட்சுமி அந்தப் பொட்டலத்தை மடித்து என் கையில் வைத்தாள். "எடுத்த எடத்துலயே கொண்டு வச்சிருங்க," என்றாள். காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, கால் ஆறட்டும் அத்தே, என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு விருதுநகர் பஸ் ஏறினாள்.

நான் பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சல்லடையில் கொட்டினேன். சீனி அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பூசத்தானலே சொன்னேன். வீட்ல அடுப்பு இருக்கும்னு எனக்கும் தோணாமப் போச்சே," என்றார்.

இரண்டு தடவை விருதுநகர்

ஒரு வாரம் வீட்டில் யாரும் சொறியவில்லை. யாரும் பேசவும் இல்லை. அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "கால் ஆற எம்புட்டு நாளாகும்?" என்று ஒரு தடவை கேட்டாள். அவள் காலைப் பற்றித்தான் கேட்கிறாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விருதுநகருக்குப் போனேன். பஸ்ஸில் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாமா வீட்டு முற்றத்தில் மிளகாய் குவிந்து கிடந்தது. ஐந்தாறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் தும்மினேன். நாலு தும்மல். "வாங்க மாப்ள, தும்மிட்டே வாங்க," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது.

முத்துலட்சுமி வெளியே வந்தாள். காலில் தடிப்பு அமுங்கி, கறுப்புப் புள்ளிகளாகக் காய்ந்திருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு நர்ஸ் அக்கா பார்த்தார்களாம். சோப்புப் போட்டுக் கழுவு, குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து அரிக்கும் இடத்தில் போடு, நகத்தை ஒட்ட வெட்டு, உடைந்த புண்ணில் கண்டதையும் தேய்க்காதே என்றார்களாம். ரோஸ் நிறத்தில் ஒரு லோஷனும் வாங்கச் சொன்னார்களாம். கந்தகம் சிரங்குக்கு வேண்டுமானால் டாக்டர் களிம்பாகக் கொடுப்பார், பூச்சிக்கடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் அவள் அம்மா என்னிடம் சொன்னது.

மாமா வந்து உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"மாமா, அது மஞ்சள் இல்ல. கந்தகம். கம்பெனியில இருந்து நாந்தான் கொண்டாந்தேன். ஒங்க வீட்டு மஞ்சள் அப்படியே மாடத்துல இருக்கு."

காம்பு கிள்ளும் சத்தம் நின்றுவிட்டது. மாமா தன் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன் மாப்ள."

"ஆமா மாமா."

"இனி?"

"இனி வராது."

அவர் மகளைப் பார்த்தார். முத்துலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கந்தகம்னு மோந்ததுமே தெரியும். எங்காலுக்காகத்தான் கொண்டாந்தீகன்னும் தெரியும். அதுக்கு நான் கோவிக்கல. எங்கய்யாவ, எங்கம்மாவ அம்புட்டுப் பேரு முன்னால பேசும்போது, தண்ணியில்லாத துண்டப் பிளிஞ்சுக்கிட்டு நின்னீக பாருங்க. கால் ஆறிருச்சு. அது ஆறல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இங்கன வந்து சொல்லி என்ன செய்ய? யாருகிட்ட சொல்லணுமோ அவுககிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. நான் வாரேன்."

காப்பி போட்டு வைத்திருந்தார்கள். குடிக்காமலே கிளம்பினேன். அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினேன்.

அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெறும் கையோடு வருவதைப் பார்த்துவிட்டு முறத்தை மறுபடி ஆட்டினாள். நான் முன்னால் போய் நின்று சொன்னேன். சீனி அண்ணனில் இருந்து மாடம் வரைக்கும், ஒன்று விடாமல். என் வாழ்க்கையில் அம்மாவிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பாதியில் முறம் நின்றுவிட்டது.

"ஏலே, நான் அவள அம்புட்டுப் பேசும்போது நீ எங்கன இருந்த?"

"அங்கனதான் நின்னேன்."

"அங்கனதான் நின்னியாக்கும்."

அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உளுந்தை அப்படியே சாக்கில் தட்டினாள். உள்ளே போய் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். "விருதுநகருக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?" என்றாள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். நான் யாரிடமிருந்து இதைக் கற்றேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மாமா வீட்டு முற்றத்தில் அதே பெண்கள் இருந்தார்கள். அம்மா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மிளகாய்க் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வாசலில் நின்ற முத்துலட்சுமியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏத்தா, அன்னைக்கு ஒங்க வீட்டப் பேசுனது தப்பு. எல்லாரும் கேக்கத்தான் பேசுனேன், எல்லாரும் கேக்கவே சொல்லுதேன்."

முத்துலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்களுக்கு மூக்கடைச்சிருந்துச்சுல்ல அத்தே. வாடை தெரியல," என்றாள்.

"மூக்குதான அடைச்சிருந்துச்சு. வாய் தெறந்துதான இருந்துச்சு."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு காம்பு கிள்ளிய பெண்கள். அம்மாவுக்கு அந்த நெடியில் தும்மல் வந்தது. முத்துலட்சுமி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் பொழுது இறங்கும் முன்பே கிளம்பினோம். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம், நடுவில் முத்துலட்சுமி, ஓரத்தில் நான், மடியில் அவளுடைய பை. கொசுவலை ஒன்று வாங்குவது பற்றியும், அதை எந்த ஆணியில் கட்டுவது என்பது பற்றியும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். வழக்கமாக அம்மாதான் பதில் சொல்வாள்.

"ஆனைக்குட்டம் மூணு," என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.